ஏர் எடுக்கும் இடம்

பானெட்டைத் தூக்கிவிட்டு, கையில் ஸ்பானர் எதுவும் எடுக்காமல், ஓடுகிற என்ஜினுக்கு முன்னால் இரண்டு நிமிடம் சும்மா நின்று கேட்கிற மெக்கானிக்கை எனக்குப் பிடிக்கும். பக்கத்தில் பையன்கள் டயர் கழற்றிக்கொண்டிருப்பார்கள், கம்பிரசர் ஓடும், எதிர்க்கடையில் பாட்டு அலறும். அத்தனைக்கும் நடுவே அவர் தலையைச் சற்றே சாய்த்து நிற்பார். பிறகு ஏசியைப் போடச் சொல்வார், அணைக்கச் சொல்வார், பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்வார். இவ்வளவும் ஆனதும் அவர் எதைத் தேடுகிறார் என்பது எனக்குப் புரிந்துவிடும். எங்கோ ஏர் எடுக்கிறது.

பழைய பெட்ரோல் காரில் இதைக் கண்டுபிடிப்பதுபோல நுணுக்கமான வேலை வேறில்லை என்பது என் கட்சி. என்ஜினை இறக்கி ரீபோர் செய்வது பெரிய வேலைதான். ஆனால் அங்கே எது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை மைக்ரோமீட்டர் சொல்லிவிடும். ஏர் லீக்கில் ஓட்டையும் தெரியாது, அதன் வழியாகப் போகும் காற்றும் தெரியாது. ஒரு சொட்டு எண்ணெய்கூடத் தரையில் விழாது. கைக்குக் கிடைப்பதெல்லாம் விளைவு மட்டும். அங்கிருந்து பின்னோக்கி நடந்து காரணத்தைப் போய்த் தொடவேண்டும்.

பெட்ரோல் என்ஜினை நாம் அடக்கி ஆள்வதே காற்றை வைத்துத்தான். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறப்பது த்ராட்டில் என்கிற வட்டத் தகடு. சிக்னலில் காலை எடுத்ததும் அது ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. பிஸ்டன்களோ இழுப்பதை நிறுத்துவதில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் இன்டேக் மேனிபோல்டில் அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடுகிறது. வேக்கம் கேஜை மாட்டினால் ஆரோக்கியமான என்ஜின் கடல்மட்டத்தில் பாதரசக் கணக்கில் 17 முதல் 22 அங்குலம் வரை காட்டும்.

செலவில்லாமல் கிடைக்கிற இந்த இழுவையை வடிவமைப்பாளர்கள் விட்டுவைக்கவில்லை. பிரேக் பூஸ்டருக்கு ஒரு தடித்த ஓஸ். பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் டைமிங்கை முன்னே தள்ள ஒரு மெல்லிய ஓஸ். கிராங்க் கேஸின் புகையை உறிஞ்ச பிசிவி வால்வுக்கு ஒன்று, பெட்ரோல் டேங்க் ஆவியைப் பிடித்துவைக்கும் கேனிஸ்டருக்கு ஒன்று, பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டருக்கு ஒன்று, மேப் சென்சாருக்கு ஒன்று. எல்லாம் ரப்பர். எல்லாம் சூடான என்ஜினை உரசிக்கொண்டு கிடப்பவை. பதினைந்து வருஷ வெயிலும் என்ஜின் சூடும் ஏறிய ரப்பர் முதலில் இறுகும், பிறகு நுனியில் வெடிக்கும். மேலிருந்து பார்த்தால் புதிதுபோல் இருக்கும். வெடிப்பு பெரும்பாலும் அடிப்பக்கம், நாசிலின் மேல் இழுத்து மாட்டிய அந்த அரை அங்குலத்தில் இருக்கும். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் ஓஸைக் கண்ணால் பார்ப்பதோடு நிற்பதில்லை. விரலால் வளைத்து, திருப்பி, நுனியை நசுக்கிப் பார்க்கிறார்கள்.

ஓர் ஓட்டை எவ்வளவு கெடுக்கும்? மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். மூன்று சிலிண்டர், 796 சிசி. 900 ஆர்பிஎம்மில் நின்ற இடத்தில், ஐடிலில் ஓடும்போது அது நிமிடத்துக்கு உள்ளே இழுக்கும் காற்று, தோராயக் கணக்கில், 100 லிட்டர்தான். இரண்டு மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று விழுந்தால் அதன் வழியாக மட்டும் 25 லிட்டர் போல நுழைந்துவிடும். கால்வாசிக் காற்று திருட்டுத்தனமாக வருகிறது. அதே கார் நெடுஞ்சாலையில் 3,500 ஆர்பிஎம்மில் போகும்போது நிமிடத்துக்கு 800 லிட்டர் கேட்கும். ஓட்டையின் பங்கு அங்கே இரண்டு மூன்று சதவீதத்தில் கரைந்துபோகும். சிக்னலில் நடுங்கிச் சாகிற வண்டி பைபாஸில் பறப்பதன் ரகசியம் இதுதான். ‘ஹைவேயில நல்லாத்தான் சார் போகுது’ என்று உரிமையாளர் சொன்னதும் நல்ல மெக்கானிக்கின் முகத்தில் ஒரு தெளிவு வருவதும் இதனால்தான். பெட்ரோல் பம்ப் தளர்ந்தாலோ ஃபில்டர் அடைத்தாலோ கதை நேர்மாறாக இருக்கும். நின்றால் நன்றாக இருக்கும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும்.

ஓட்டை எழுப்பும் ‘உஸ்’ சத்தத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். உள்ளழுத்தம் வெளியழுத்தத்தில் பாதிக்குச் சற்றே மேலான ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால், இடுக்கில் நுழையும் காற்று ஒலியின் வேகத்தையே எட்டிவிடுகிறது. ஐடிலில் ஓடும் என்ஜினின் மேனிபோல்ட் எப்போதும் அந்த நிலையில்தான் இருக்கிறது. ஒரு பழைய 800-இன் வெடித்த ரப்பருக்குள் காற்று ஒலிவேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. இரண்டடி ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறு நுனியை மேனிபோல்டின் ஓரமாக நகர்த்திக்கொண்டே போகிறவர்கள் தேடுவது அந்தச் சத்தத்தைத்தான். ஃபேனும் பெல்ட்டும் ஓடுகிற இடம். துண்டு, தளர்ந்த சட்டைக் கையெல்லாம் ஆகாது.

ஏர் லீக்கின் அறிகுறிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, முள் ஏறி இறங்குவது. வண்டி நின்றுகொண்டிருக்கும், காலும் ஆக்ஸிலரேட்டரில் இருக்காது. ஆர்பிஎம் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்தை நோக்கி ஏறும், சட்டென்று விழும், மறுபடி ஏறும். யாரோ உள்ளே உட்கார்ந்து மிதித்து விளையாடுவதுபோல இருக்கும். நடப்பது இதுதான்: திருட்டுக் காற்றால் ஆர்பிஎம் ஏறுகிறது. த்ராட்டில் மூடியிருக்கிறது, ஆனால் என்ஜின் வேகமாகச் சுற்றுகிறது என்பதைப் பார்க்கிற ஈசியு என்கிற என்ஜின் கம்ப்யூட்டர், வண்டி இறக்கத்தில் கியரில் இறங்குகிறது என்று நினைத்துப் பெட்ரோலை நிறுத்திவிடுகிறது. ஆர்பிஎம் விழுகிறது. விழுந்ததும் பதறிப்போய்ப் பெட்ரோலைத் திறக்கிறது. மறுபடி ஏறுகிறது. கம்ப்யூட்டர் தன் அறிவுக்கு எட்டியதைச் சரியாகத்தான் செய்கிறது. அதற்குக் கிடைத்த தகவல்தான் குறை.

டேஷ்போர்டின் மஞ்சள் செக் லைட்டின் கதையும் அங்கேதான் தொடங்குகிறது. 1981-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் அமெரிக்க பெட்ரோல் கார்களில் கம்ப்யூட்டரைப் பரவலாக வைத்தபோது டேஷ்போர்டில் அதற்கென ஒரு விளக்கும் வந்தது. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் ஓபிடி என்கிற, கார் தன் கோளாறைத் தானே கோட் எண்ணாகப் பதிவுசெய்யும் ஏற்பாட்டின் இரண்டாம் தலைமுறை கட்டாயமானது. எல்லாக் கார்களுக்கும் ஒரே பிளக், ஒரே கோட் வரிசை. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4-ஐ ஒட்டி 2010-இல் முதல் கட்டமும் 2013-இல் இரண்டாம் கட்டமும் கட்டாயமாயின. இடைப்பட்ட கார்கள்தாம் என் பிரியத்துக்குரியவை. 2000-ஐ ஒட்டி எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர்) என்று பின்பக்கம் ஒட்டிக்கொண்டு வந்த மாருதிகள், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த முதல் சான்ட்ரோக்கள், மறைமலை நகர் ஐகான்கள். கார்புரேட்டர் போய்விட்டது, ஆனால் முழுக் கம்ப்யூட்டர் காலம் இன்னும் வரவில்லை. காதும் வேண்டும், கோட் எண்ணும் வேண்டும்.

அந்தக் காலத்து மாருதிகளில் ஸ்கேனர்கூட வேண்டாம். சோதனைக் கப்ளரில் இரண்டு முனைகளை ஒரு சின்ன ஒயரால் இணைத்துச் சாவியை ஆன் செய்தால் செக் லைட்டே மின்னிப் பேசும். ஒரு மின்னல், சிறு இடைவெளி, இரண்டு மின்னல்: 12. எந்தக் கோளாறும் பதிவாகவில்லை என்று பொருள். 13 என்றால் ஆக்ஸிஜன் சென்சார் பக்கம், 21 என்றால் த்ராட்டில் சென்சார் பக்கம் பார்க்கவேண்டும். பெரிய மெக்கானிக்குகள் சிலர் உதட்டை அசைத்து அந்த மின்னலை எண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். திரையில் கொட்டும் எழுத்துகளைவிட அந்த எண்ணிக்கை எனக்கு நெருக்கமாக இருக்கிறது.

ஆனால் 12 வந்துவிட்டதாலேயே லீக் இல்லை என்றாகாது. சென்சார்கள் உயிரோடு இருக்கின்றன என்பதுதான் அதன் உத்தரவாதம். புதிய கார்களில் இதே தப்பர்த்தம் வேறு உருவில் வருகிறது. பி0171 என்று ஸ்கேனரில் விழும். கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பதே அதன் செய்தி. பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று எடைக் கணக்கில் வேண்டும். அந்த விகிதத்தைப் புகைபோக்கும் குழாயில் இருந்துகொண்டு முகர்ந்து சொல்வது ஆக்ஸிஜன் சென்சார். போஷ் நிறுவனம் செய்து 1976-இல் வால்வோ காரில் முதலில் ஏறிய அந்த விரலளவு பொருள், 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஊசலாடியே தன் வேலையைச் செய்கிறது. காற்று அதிகம் என்று அது சொன்னதும் பல பட்டறைகளில் நடப்பது, அதையே கழற்றிப் புதிதாகப் போடுவது. செய்தி கொண்டுவந்த அனுமனின் வாலில் தீ வைத்த கதை. புது சென்சாரும் அதே செய்தியைத்தான் கொண்டுவரும். சில ஆயிரம் ரூபாய் போய், ஒரு வாரத்தில் விளக்கு திரும்ப எரியும். ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும்: சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் வெடிப்பு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய் இதே கோட் வரும். அதையும் பார்த்துவிட்டுத்தான் மேனிபோல்ட் பக்கம் திரும்பவேண்டும்.

கோட் எண்ணைவிட எனக்கு நம்பிக்கையான நண்பன் ஃப்யூயல் டிரிம். ஈசியு தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் எண் அது. பத்துக்குள் கூடுதலோ குறைவோ இருந்தால் கவலையில்லை. ஐடிலில் 20, 25 என்று நிற்கிறது, ஆக்ஸிலரேட்டரைப் பிடித்து 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்தினால் நாலைந்துக்கு இறங்கிவிடுகிறது என்றால் ஓட்டைதான். வேகம் ஏற ஏற எண்ணும் ஏறினால் பெட்ரோல் வழியைப் பார்க்கவேண்டும். ஒரு பார்வையில் பாதித் தேடல் முடிந்துவிடுகிறது.

இதில் ஒரு வளைவு இருக்கிறது. தேர்ந்தவர்களையும் மற்றவர்களையும் பிரிப்பது இதுதான். காற்றை அளக்க இரண்டு வழிகள் உண்டு. பெரிய கார்கள் பலவற்றில் காற்று நுழையும் வாயிலில் மாஃப் சென்சார் இருந்து உள்ளே போவதை எண்ணும். அதைத் தாண்டி நுழைகிற காற்று கணக்கில் வராது. அதனால் கலவை மெலிந்து பி0171 வரும். இந்தக் கார்களில் ஆயில் மூடியின் வாஷர் போனால்கூட பிசிவி வழியாகக் காற்று நுழைந்து விளக்கை எரித்துவிடும். நம்மூர்ச் சின்னக் கார்களில் பெரும்பாலும் இருப்பது மேப் சென்சார். அது மேனிபோல்ட் அழுத்தத்தை அளக்கிறது. எந்த ஓட்டை வழியாக வந்தாலும் காற்று அழுத்தமாகத் தெரிந்துவிடும், அதற்கேற்ற பெட்ரோலும் போய்விடும். கலவை ஏறக்குறைய சரியாகவே இருக்கும், விளக்கு எரியாமலே போகலாம். ஆர்பிஎம் மட்டும் உயர்ந்து நிற்கும். ஐடில் வால்வு முழுதாக மூடிக்கொண்டும் அடக்க முடியாமல் தவிக்கும். கோட் இல்லையே என்று ஓட்டையைத் தேடாமல் விடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

இன்னும் ஒரு படி உள்ளே போனால், அந்த மேப் சென்சாருக்குப் போகும் சின்ன ஓஸே வெடித்திருந்தால் என்ன ஆகும்? சென்சாருக்கு வெளிக்காற்றின் அழுத்தம் எட்டும். என்ஜின் பெரும் சுமையில் இருப்பதாக ஈசியு நினைத்துப் பெட்ரோலைக் கொட்டும். கறுப்புப் புகை வரும், பிளக் கரியாகும், மைலேஜ் விழும். ஓர் ஓஸில் வெடிப்பு விழுந்தால் பெட்ரோல் பற்றாக்குறை, பக்கத்து ஓஸில் விழுந்தால் பெட்ரோல் வெள்ளம்.

வேக்கம் கேஜ் இன்று பலருடைய டப்பாவில் துருப்பிடித்துக் கிடக்கிறது. எனக்கு அது வருத்தம். ஸ்கேனர் சொல்லாததை அந்த ஒற்றை முள் சொல்லும். 19-இல் நிற்கவேண்டியது 15-இல் அசையாமல் நின்றால் டைமிங் பின்தங்கியிருக்கலாம், லேசாக ஏர் எடுக்கலாம். சீரான இடைவெளியில் ஒரு வெட்டு விழுந்தால் ஒரு வால்வு எரிந்திருக்கிறது. ஐடிலில் படபடத்து வேகத்தில் அடங்கினால் வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. 2,500-இல் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால் சைலன்சர் பக்கம் அடைப்பு, பெரும்பாலும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். ஒன்றை மறக்கக்கூடாது: ஆயிரம் அடி ஏறினால் ஓர் அங்குலம் குறையும். சென்னையில் 19 காட்டும் நல்ல என்ஜின் ஊட்டியில் 12-ஐ ஒட்டித்தான் காட்டும். மலையேறிய காரில் இல்லாத லீக்கைத் தேடவேண்டாம்.

தேடும் முறைகளில் எனக்குத் தண்ணீர் பிடிக்கும். சின்ன ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, ஒயர்களையும் பிளக் பக்கத்தையும் ஒதுக்கிவிட்டு, மேனிபோல்ட் பேக்கிங் ஓரமாக, த்ராட்டில் பாடியின் அடியில், இன்ஜெக்டர் ஓரிங் இருக்கும் குழியில் மெல்லத் தூவினால், ஓட்டை இருக்கும் இடத்தில் நீர் ஒரு கணம் அடைத்துக்கொள்ளும். சத்தம் மாறும். கார்ப் கிளீனர் இதைவிட வேகமாகக் காட்டிக்கொடுக்கும், ஆனால் பக்கத்தில் பழுக்கச் சூடான சைலன்சர் குழாய் இருக்கிறது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் அந்த வேலையில் இறங்குவது எனக்கு ஒப்பாது. எம்பிஎஃப்ஐயில் இன்னொன்று: ஈசியு உடனே சமாளித்துவிடுவதால் ஆர்பிஎம் மாறாமலே போகலாம். காதை நம்பாமல், கிளீனரைத் தூவும்போது ஆக்ஸிஜன் சென்சாரின் வோல்ட்டைப் பார்த்தால் அது எகிறும்.

இப்போது புகை மெஷின் வந்திருக்கிறது. என்ஜினை அணைத்துவிட்டு, சூடாக்கிய மினரல் ஆயிலின் புகையை மிகக் குறைந்த அழுத்தத்தில் மேனிபோல்டுக்குள் விட்டு, டார்ச் அடித்துக் காத்திருந்தால், வெடிப்பிலிருந்து வெள்ளை நூல் ஒன்று எழுந்து வரும். அழகான காட்சி. ஆனாலும் மார்கழிக் காலையில் திறந்து, சூடேறியதும் மூடிக்கொள்கிற மேனிபோல்ட் பேக்கிங்கை மத்தியானத்தில் விட்ட புகை காட்டாது. அந்த வண்டியை இரவு பட்டறையிலேயே நிறுத்தி, காலையில் முதல் ஸ்டார்ட்டைக் கேட்கவேண்டும். அப்படி ஒரு வண்டிக்காக விடிவதற்கு முன் வந்து நின்ற ஒரு மெக்கானிக்கை எனக்குத் தெரியும். “ராத்திரி முழுக்க ஆறட்டும் சார், அப்பத்தான் அது வாயத் திறக்கும்” என்றார்.

வேக்கத்தை நம்பிய கார்களின் உச்சம் என்று நான் சொல்வது மெர்சிடிஸின் டபிள்யூ123. அதன் டீசல் மாடல்களில் கதவுப் பூட்டுகள் வேக்கத்தில் இயங்கும். சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்துவதும் வேக்கம்தான். டீசலில் த்ராட்டில் இழுவை கிடையாது என்பதால் தனியாக ஒரு பம்ப் வைத்து அதை உண்டாக்கினார்கள். பின்கதவுப் பூட்டின் டயஃப்ராம் கிழிந்தால், சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதும் என்ஜின் ஓடிக்கொண்டேயிருக்கலாம். கோளாறு பின்கதவில், அறிகுறி என்ஜினில். இந்தக் கலையின் சாரம் முழுவதும் அந்த ஒரு காரில் இருக்கிறது.

எல்லா லீக்குகளும் மைலேஜோடு நிற்பவை அல்ல. பிரேக்கை மிதித்தால் ஆர்பிஎம் மாறுகிறது, பெடல் பக்கம் ‘உஸ்’ என்கிறது என்றால் பூஸ்டரின் டயஃப்ராம் போயிருக்கிறது. சோதிப்பது எளிது. என்ஜினை அணைத்து நாலைந்து முறை பெடலை மிதித்து, அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் லேசாக இறங்கவேண்டும். இறங்கவில்லை என்றால் அந்த வண்டியை ஓட்டிப் பார்க்காதீர்கள். செக் லைட் நிதானமாக எரிந்தால் பட்டறை வரை போகலாம். விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஸிங்கில் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய்க்கொண்டிருக்கிறது, ஓரம் கட்டுங்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யாமல், அந்த விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் பல்பு போயிருக்கலாம். விற்பதற்காகவே யாரோ அதைக் கழற்றியும் இருக்கலாம்.

நம்மூர் பட்டறை பில்லில் சென்சாருக்கு ஒரு வரி உண்டு, ஓஸுக்கு ஒரு வரி உண்டு. தேடியதற்கு வரி கிடையாது. அரை நாள் தேடி, கை நீள ரப்பர் துண்டை மாற்றிக் கோளாறைத் தீர்த்தவர் ஐந்நூறு ரூபாய் கேட்டால் ‘ஒரு ஓஸுக்கா?’ என்கிறோம். தேடாமல் சென்சாரை மாற்றியவருக்கு எட்டாயிரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறோம். தேடுகிற மெக்கானிக்குகள் குறைந்துபோனதில் நமக்கும் பங்கு இருக்கிறது. அடுத்த முறை வண்டியை விடும்போது எந்தப் பாகத்தை மாற்றவேண்டும் என்று நீங்கள் சொல்லாதீர்கள். கோளாறு எப்போது வருகிறது என்று சொல்லுங்கள்: காலைக் குளிரிலா, சிக்னலிலா, ஏசி போட்டாலா, பிரேக்கை மிதித்தாலா. விளக்கை மட்டும் அணைத்துத் தரச் சொல்லாதீர்கள், அதோடு பதிவான விவரமும் அழிந்துபோகும். கண்டுபிடித்தவர் கேட்கும் கூலியை, மாற்றிய ரப்பரின் விலையைப் பார்க்காமல் கொடுங்கள்.